திறமை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? ‘ரிஃப்ளெக்டட் பெஸ்ட் செல்ஃப்’ பயிற்சி: என் மதிப்புரை

நான் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். 22 வருஷமாக அதே வேலை. போல்ட், நட், வாஷர், பேரிங், பெல்ட், ஆயில் சீல், கையுறை என்று ஆயிரக்கணக்கான சாமான்கள் ரேக்குகளில் இருக்கும். வேண்டியவர் இண்டென்ட், அதாவது சாமான் கேட்கும் படிவம், எழுதிக் கொண்டுவருவார். எடுத்துக் கொடுத்துவிட்டு, ‘பின் கார்டு’ என்கிற அந்தச் சாமானின் இருப்புக் கணக்கு அட்டையில் கழித்து எழுதுவேன். புதுச் சரக்கு வந்தால் எண்ணிப் பார்த்து, கூட்டி எழுதி, இடத்தில் வைப்பேன். யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் இவ்வளவுதான் சொல்வேன்.

இந்த வருஷம் எல்லோருக்கும் ஒரு சுய மதிப்பீட்டுப் படிவம் கொடுத்தார்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம். ‘உங்களுடைய மூன்று முக்கியத் திறமைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு உதாரணம் தருக.’ பேனாவை எடுத்து ‘நேரம் தவறாமை’ என்று எழுதினேன். உதாரணம் என்ன எழுதுவது? தினமும் வருகிறேன் என்றா? அடித்துவிட்டேன். அந்தக் கட்டம் இரண்டு வாரம் காலியாகவே கிடந்தது. மற்றப் பக்கங்களை எல்லாம் ஒரே நாளில் நிரப்பியவன் நான். அந்த ஒரு கட்டம் மட்டும் என்னை ராத்திரியில் தூங்கவிடாமல் செய்தது. 22 வருஷம் ஒரு வேலையைச் செய்தவனிடம் சொல்ல ஒரு திறமைகூட இல்லையா என்ற கேள்வி சின்னக் கேள்வி இல்லை.

அப்போது என் பையன் இரண்டு வழிகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தான். ஒன்று இணையத்தில் நிரப்பும் கேள்வித்தாள். இன்னொன்று நமக்குத் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதி வாங்கும் பயிற்சி. இரண்டையும் செய்து பார்த்தேன். இந்த மதிப்புரை முக்கியமாக இரண்டாவதைப் பற்றியது. ஆனால் முதலாவதைச் சொல்லாமல் இதன் அருமை விளங்காது.

முதலாவது வி.ஐ.ஏ. (‘வேல்யூஸ் இன் ஆக்‌ஷன்’) என்ற குணபலக் கேள்வித்தாள். கிறிஸ்டோபர் பீட்டர்சன், மார்ட்டின் செலிக்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2004இல் வெளியிட்ட வகைப்பாட்டின் மேல் கட்டப்பட்டது. மனிதர்களுடைய நல்ல குணங்களை 24 ஆகப் பிரித்து, அவற்றை ஆறு பெரிய தலைப்புகளில் அடுக்கியிருக்கிறார்கள். அறிவு, தைரியம், மனிதநேயம், நீதி, அடக்கம், தன்னைத் தாண்டிய ஒன்றோடு உள்ள தொடர்பு. ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்து, ‘முழுக்க என்னைப் போல’ என்பதிலிருந்து ‘துளியும் என்னைப் போல இல்லை’ என்பது வரை ஐந்து படிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இலவசம். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். கடைசியில் 24 குணங்களையும் உங்களுக்கு எது முதலில், எது கடைசியில் என்று வரிசைப்படுத்தித் தருவார்கள்.

நல்ல கருவி. இதை வைத்து 2005இல் செலிக்மன் குழு ஒரு ஆய்வும் செய்திருக்கிறது. தங்கள் பட்டியலில் மேலே வந்த குணங்களில் ஒன்றை ஒரு வாரம் தினமும் புதுவிதமாகப் பயன்படுத்திப் பாருங்கள் என்று ஒரு பிரிவினரிடம் சொன்னார்கள். அவர்களுடைய மகிழ்ச்சி கூடியிருந்ததும் மனச்சோர்வு குறைந்திருந்ததும் ஆறு மாதம் கழித்தும் தெரிந்தது. அதனால் பொழுதுபோக்கு வினாடி வினா என்று இதை ஒதுக்க வேண்டாம்.

எனக்கு முதல் இடத்தில் ‘நேர்மை’ வந்தது. இரண்டாவது ‘விவேகம்’. படித்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் என் கட்டம் நிரம்பவில்லை. நான் தேடியது குணம் அல்ல, கைத்திறமை. பீட்டர்சனும் செலிக்மனும் திறமை வேறு, குணபலம் வேறு என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய கருவி அளக்க வந்ததை அது அளந்தது. அதோடு, கேள்விக்குப் பதில் சொல்வதும் நான்தானே. எனக்கே தெரியாத ஒன்று என் கண்ணில் படாவிட்டால் அதை எந்தக் கேள்வித்தாளில் நான் எழுத முடியும்?

சரி, இரண்டாவதுக்கு வருகிறேன்.

இதன் பெயர் ‘ரிஃப்ளெக்டட் பெஸ்ட் செல்ஃப் எக்ஸர்சைஸ்’. மற்றவர்கள் கண்ணில் பட்ட நம்முடைய நல்ல முகம் என்று சொல்லலாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவானது. லாரா மார்கன் ராபர்ட்ஸ், ஜேன் டட்டன், கிரெட்சன் ஸ்ப்ரைட்சர், ராபர்ட் க்வின் முதலான ஆய்வாளர்களின் உழைப்பு. 2005 ஜனவரியில் ‘ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ’வில் அவர்கள் எழுதிய கட்டுரையில் முறை விளக்கப்பட்டிருக்கிறது. பையன் அதைப் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

நாலு படிகள். வேலையிலும் வெளியிலும் உங்களை நன்றாகத் தெரிந்த பலரிடம், உங்களால் ஒரு நல்லது நடந்த சந்தர்ப்பங்களைச் சம்பவமாகக் கேட்டு வாங்க வேண்டும். வந்ததை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்க்க வேண்டும். அதை வைத்து உங்களைப் பற்றி நீங்களே ஒரு பத்தி எழுத வேண்டும். கடைசியாக, அந்தப் பலத்துக்கு ஏற்ற மாதிரி உங்கள் வேலையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் முறை. கேட்க எளிது. முதல் படியிலேயே எனக்கு மூன்று நாள் போனது.

ஏனென்றால் கேட்கக் கூச்சம். ‘என்னைப் பற்றி நல்லதாக எழுதித் தா’ என்று எப்படிக் கேட்பது? நம்மில் பலருக்கு வளர்ப்பிலேயே வராத ஒன்று இது. நாலு முறை எழுதிக் கிழித்தேன். கடைசியில் இப்படி எழுதினேன்: ‘வேலையில் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருக்கிறது. நான் செய்த ஏதாவது ஒன்று உங்களுக்கு உபயோகமாக இருந்த சந்தர்ப்பங்கள் மூன்று ஞாபகம் வந்தால், எப்போது, என்ன நடந்தது என்று நாலைந்து வரி எழுதி அனுப்ப முடியுமா? பாராட்டு வேண்டாம், நடந்தது போதும்.’ அந்தக் கடைசி வரிதான் எனக்குத் தைரியம் கொடுத்தது. இதைச் செய்ய நினைப்பவர்கள் அந்த வரியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அது இருந்தால் கேட்பதும் சுலபம், பதில் எழுதுவதும் சுலபம்.

16 பேருக்கு அனுப்பினேன். 11 பேரிடமிருந்து பதில் வந்தது. என் மனைவி வாயால் சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன். பையன் ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினான். அடுத்த அறையில் இருந்துகொண்டுதான்.

முதலில் வந்தது ஓய்வு பெற்ற எங்கள் பழைய ஃபோர்மேனுடைய பதில். ஒரு ராத்திரி ஷிஃப்டில் கன்வேயர் மோட்டாரில் பேரிங் போய்விட்டது. பழையதை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு ஓடி வந்திருக்கிறார். அதன் மேல் இருந்த எண் தேய்ந்து போயிருந்தது. ‘நீ அதை வாங்கி, துணியால் துடைத்து, கையில் ஒரு தடவை உருட்டினாய். அளவு கோலைத் தொடவே இல்லை. நேராகப் போய் எடுத்து வந்தாய். ஒரு சொல்கூடப் பேசவில்லை. விடிகிற வரை நிற்கும் என்று நினைத்த லைன் ஒரு மணி நேரத்தில் ஓடியது.’

எனக்கு அந்த ராத்திரி ஞாபகமே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஆனால் அவர் சொல்வது நடந்திருக்கும் என்று தெரியும், ஏனென்றால் அதை நான் எத்தனையோ முறை செய்திருக்கிறேன். 6204, 6205 என்று இரண்டு பேரிங்குகள். எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்துளையின் விட்டம் மில்லிமீட்டரில் வந்துவிடும். 04 என்றால் 20, 05 என்றால் 25. வெளிவிட்டம் முன்னதுக்கு 47, பின்னதுக்கு 52. ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசம் விரலுக்குத் தெரியாதா? எல்லோருக்கும் தெரியும் என்றுதான் அந்தப் பதிலைப் படிக்கும் வரைக்கும் நினைத்திருந்தேன்.

இங்கே ஒரு விஷயம் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. அந்த நல்ல ராத்திரி ஞாபகம் இல்லை. ஆனால் பல வருஷத்துக்கு முன்னால் 10.9 கிரேடு போல்ட் கேட்டவருக்கு 8.8 கிரேடைத் தவறுதலாகக் கொடுத்துவிட்டேனே, அந்த நாள் முழுசாக ஞாபகம் இருக்கிறது. 10.9தான் அதிக பலம் உள்ளது. அது போக வேண்டிய இடத்தில் இது போகக் கூடாது. நல்லவேளை, பொருத்துவதற்கு முன்பே ஃபிட்டர் தலையில் உள்ள எண்ணைப் பார்த்துவிட்டார். அன்று அவர் போட்டிருந்த சட்டையின் நிறம்கூட என்னால் சொல்ல முடியும். உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் உடன் மூவரும் 2001இல் பல ஆய்வுகளைத் தொகுத்து எழுதியதும் இதைத்தான். கெட்டது மனதில் பதியும் அளவுக்கு நல்லது பதிவதில்லை. அப்படியானால் என் நல்ல நாட்களின் பதிவேடு என்னிடம் இல்லை. அது மற்றவர்களிடம்தான் இருக்கிறது. அவர்களிடம் போய்க் கேட்டு வாங்குவதைத் தவிர வேறு வழி கிடையாது. இந்தப் பயிற்சியின் முழுப் பலமும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

அடுத்தது, முன்பு ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் பதில். இப்போது வேறு இடத்தில் சூப்பர்வைசர். முதல் நாள் அவரை ஸ்டோருக்கு அனுப்பி இண்டென்ட் கொடுத்துச் சாமான் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு அந்தப் படிவத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பின்னால் நாலு பேர் வரிசையில். ‘நீங்கள் “தெரியாதா?” என்று கேட்கவில்லை. ஒரு படிவத்தை எடுத்து, உங்களுக்கு நீங்களே பேசிக்கொள்வது போல, “இங்கே துறை, இங்கே சாமான் எண், இங்கே எத்தனை” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினீர்கள். நான் பார்த்து எழுதிவிட்டேன். எனக்குத் தெரியாது என்பது பின்னால் நின்ற யாருக்கும் தெரியவில்லை. இன்றைக்கு நான் புதுசாக வருபவர்களுக்கு அப்படித்தான் சொல்லித் தருகிறேன்.’

இதைப் படித்துவிட்டு நோட்டை மூடி வைத்துவிட்டேன். அன்று வேறு எதையும் படிக்க முடியவில்லை.

மனைவி சொன்னது வீடு மாறிய நாளைப் பற்றி. எல்லாப் பெட்டியிலும் என்ன இருக்கிறது என்று எழுதியது எல்லோரும் செய்வதுதான், ஆனால் நீங்கள் ஒரு பெட்டியில் மட்டும் ‘முதல் ராத்திரி’ என்று எழுதியிருந்தீர்கள் என்றாள். அதில் பல்பு, ஸ்க்ரூடிரைவர், போர்வை, மருந்து, சார்ஜர், ஒரு டார்ச். ‘போய் இறங்கியபோது கரண்ட் இல்லை. அந்த ஒரு பெட்டியைத் திறந்ததில் எல்லோரும் தூங்கிவிட்டோம்.’ தங்கையின் பதில் இரண்டே வரி: ‘அண்ணா, வீட்டில் சண்டை வந்தபோதெல்லாம் நீதான் இங்கே அங்கே பேசினாய். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தரிடம் சொல்லும்போது நீ கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை.’

பையனுடைய குரல் பதிவில் இருந்தது வேறு மாதிரி. ‘அப்பா, நான் எதையாவது உடைத்தால் நீங்கள் “ஏன் உடைத்தாய்” என்று கேட்டதே இல்லை. “எந்த இடத்தில் தப்பியது” என்றுதான் கேட்பீர்கள். அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து பிரிப்போம். கழற்றிய ஸ்க்ரூவை எல்லாம் ஒரு காகிதத்தில் கழற்றிய வரிசையிலேயே வைப்பீர்கள்.’

எல்லாப் பதிலும் இப்படி அமையவில்லை. இரண்டு பேர் ‘நல்ல மனுஷன், கடின உழைப்பாளி, அமைதியானவர்’ என்று எழுதி முடித்துவிட்டார்கள். அன்போடு எழுதியதுதான், ஆனால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. உரிச்சொற்கள் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். அவர்களில் ஒருவரைப் போனில் கூப்பிட்டு, ‘அமைதி என்கிறீர்களே, எப்போது பார்த்தீர்கள்?’ என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு வருடாந்திரக் கணக்கெடுப்பைச் சொன்னார். ஒரு ஸ்க்ரூ கணக்கில் இடித்தது. புத்தகத்தில் ஒரு எண், ரேக்கில் ஒரு எண். ஆளாளுக்கு ஒருத்தரை ஒருத்தர் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் பின் கார்டை முதல் வரியிலிருந்து படித்து, ஒரு இடத்தில் பெட்டிக் கணக்கில் எழுதியதை அடுத்த இடத்தில் துண்டுக் கணக்கில் எழுதியிருப்பதைக் காட்டினேனாம். ‘யார் எழுதினார்கள் என்று நீ சொல்லவே இல்லை. எந்த வரி என்றுதான் சொன்னாய்.’ பையன் சொன்னதும் இதுதானே! ஒருவருக்கொருவர் தெரியாத இரண்டு பேர், வீட்டில் ஒருவன், ஆலையில் ஒருவர், ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள்.

இரண்டாம் படி, அதாவது பொதுவாக வருவதைக் கண்டுபிடிப்பது, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு சம்பவத்தையும் ஒரு தனிக் காகிதத்தில் எழுதி மேஜையில் பரப்பினேன். சாமானை வகை பிரித்துப் பழகிய கை, அதனால் இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. முதலில் வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்று பிரித்தேன். ஒன்றும் புலப்படவில்லை. கலைத்துவிட்டு, ‘இதில் நான் என்ன செய்தேன்’ என்பதை மட்டும் வைத்துப் பிரித்தேன். ‘முதல் ராத்திரி’ பெட்டி. காகிதத்தில் வரிசையாக வைத்த ஸ்க்ரூ. சத்தமாகச் சொல்லி நிரப்பிய இண்டென்ட். கூட்டாமல் குறைக்காமல் கடத்திய பேச்சு. எல்லாவற்றிலும், எனக்கு அடுத்து வரப்போகிற ஒருத்தர் இருக்கிறார். அவர் வரும்போது தேடாமல் எடுத்துக்கொள்கிற மாதிரி எதையோ வைத்துவிட்டு நான் விலகியிருக்கிறேன்.

ஒரு காகிதத்தில் ‘அடுத்தவர் தேடாதபடி வைப்பது’ என்று எழுதினேன். 22 வருஷத்தில் எனக்கு என்னைப் பற்றித் தோன்றாத வாக்கியம் அது.

ஃபோர்மேன் எழுதிய அந்தக் கைக்கணக்கு மற்றவர்களிடம் இல்லாத ஒன்று என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு இன்னொரு சம்பவம் தேவைப்பட்டது. என்னிடம் பயிற்சிக்கு ஒரு தம்பி வந்திருக்கிறான். கெட்டிக்காரன். கம்ப்யூட்டரில் நான் அரை நாள் செய்வதை அரை மணியில் செய்வான். ஒரு நாள் கலந்து கிடந்த ஒரு டப்பா வாஷரை M8, M10 என்று அளவு வாரியாகப் பிரிக்கச் சொன்னேன். ஒவ்வொன்றையும் எடுத்து, அளந்து, எழுதி, வைத்தான். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கால் டப்பாகூட முடியவில்லை. நான் உட்கார்ந்து இரண்டு கையாலும் பிரிக்க ஆரம்பித்தேன். அவன் தன் கையை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ‘அண்ணே, பார்க்காமலே எப்படி?’ என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. எப்படி என்று நான் யோசித்ததே இல்லை.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் க்ரூகரும் டேவிட் டன்னிங்கும் 1999இல் வெளியிட்ட ஆய்வை நிறையப் பேர் தெரியாதவன் தன்னைத் தெரிந்தவனாக நினைத்துக்கொள்வதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். அதன் மறுபாதியை அதிகம் யாரும் சொல்வதில்லை. மிக நன்றாகச் செய்தவர்கள் மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தங்கள் இடத்தைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். தங்களுக்கு வருவது மற்றவர்களுக்கும் வரும் என்று எண்ணிக்கொண்டதுதான் காரணம். ஒரு இலக்கணத் தேர்வில், மற்றவர்கள் எழுதிய விடைத்தாள்களைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னதும் அவர்கள் தங்கள் மதிப்பீட்டை உயர்த்திக்கொண்டார்கள். அந்தத் தம்பியின் கால் டப்பா வாஷர்தான் எனக்குக் கிடைத்த அடுத்தவர் விடைத்தாள்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு ஆய்வு, எலிசபெத் நியூட்டன் ஸ்டான்ஃபோர்டில் 1990இல் செய்தது. ஒருவர் தெரிந்த பாட்டின் தாளத்தை மேஜையில் விரலால் தட்ட வேண்டும், இன்னொருவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். தட்டியவர்கள் பாதிப் பாட்டையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள். 120 பாட்டில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்று. தட்டுகிறவர் காதுக்குள் பாட்டு முழுதும் ஓடுகிறது, கேட்பவருக்கு ‘டொக் டொக்’ மட்டும்தான். பேரிங்கை உருட்டும்போது என் கைக்குள் ஓடுவதை அந்தத் தம்பியும் கேட்கிறான் என்று நான் ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்குச் சரியாகச் சொல்லித் தராததற்கு இதுதான் காரணம் என்று இப்போது புரிகிறது. நம் திறமை நமக்குத் தெரியாவிட்டால் நஷ்டம் நமக்கு மட்டும் இல்லை, நம்மிடம் கற்றுக்கொள்ள வந்தவருக்கும்தான்.

அதனால் நாலாம் படியை, அதாவது வேலையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வதை, அவனை வைத்தே செய்தேன். தினமும் கடைசிக் கால் மணி நேரம் கம்ப்யூட்டர் இல்லை, அளவு கோல் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாஷரை எடுத்து, எது என்று சொல்ல வேண்டும். முதலில் விளிம்பைத் தடவு, அப்புறம் துளையில் விரல் நுனியை வை, அப்புறம் கனத்தைப் பார் என்று நான் செய்வதை நானே கவனித்துக் கவனித்துச் சொன்னேன். அவன் எனக்கு ஸ்டாக் ரிப்போர்ட் எடுக்கச் சொல்லித் தருகிறான். இரண்டு பேருக்கும் லாபம்.

இனி குறைகள். இந்தப் பயிற்சி உங்கள் நல்ல பக்கத்தை மட்டும்தான் கேட்கிறது. அதனால் உங்களைப் பற்றிய முழுப் படம் இதில் கிடைக்காது. திருத்திக்கொள்ள வேண்டியதைச் சொல்ல வேறு ஆட்கள், வேறு நேரம் வேண்டும். இதை வடிவமைத்தவர்களும் முகஸ்துதிக்காகச் செய்யவில்லை, அடுத்து என்ன செய்வது என்று திட்டமிடத்தான் செய்திருக்கிறார்கள். மூன்றாம் படியை முடித்த சந்தோஷத்தில் நாலாம் படியை விட்டுவிட்டால் பதில்கள் அலமாரியில் கிடந்து தூசி படியும்.

நேரமும் எடுக்கும். எனக்குத் தொடக்கத்திலிருந்து ஐந்து வாரம். அதில் மூன்று வாரம் பதிலுக்குக் காத்திருந்தது. பதில் வராத அந்த ஐந்து பேரை நினைத்து முதலில் மனசு கஷ்டப்பட்டது. பிறகு அதில் ஒருவர், எழுத வராததால்தான் எழுதவில்லை என்று நேரில் பார்த்தபோது சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே இரண்டு சம்பவம் சொன்னார். ஆகவே எழுதத் தயங்குகிறவர்களிடம் பேசச் சொல்லிக் கேளுங்கள். எழுத்தைவிடப் பேச்சில் நிறைய வருகிறது. ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது பெரிய பதவியில் இருப்பவர்களாகப் பார்க்காதீர்கள். எனக்கு மிக உபயோகமான பதில்கள் என்னைத் தினமும் பக்கத்திலிருந்து பார்த்தவர்களிடமிருந்து வந்தன. மேலாளர் ஒருவருக்கும் அனுப்பியிருந்தேன். மரியாதையாக எழுதியிருந்தார், ஆனால் அவர் பார்த்தது ரிப்போர்ட்டைத்தான், என் கையை அல்ல.

வீட்டில் இருப்பவர்களுக்கு இது சரிப்படுமா என்று என் மனைவி கேட்டாள். எனக்குத் தெரிந்து அவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை. வெளியில் வேலை பார்ப்பவருக்குப் படிவத்தில் ஒரு கட்டமாவது இருக்கிறது. வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் அந்தக் கேள்வியைக்கூட யாரும் கேட்பதில்லை. கடிதம் எழுத மனம் வராவிட்டால் 16 பேர் வேண்டாம், மூன்று பேர் போதும். ‘நான் செய்து உனக்கு உபயோகமாக இருந்த ஒன்றைச் சொல், எப்போது என்றும் சொல்’ என்று கேட்டாலே தொடங்கிவிடலாம். வி.ஐ.ஏ. கேள்வித்தாளையும் சேர்த்துச் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். அது குணத்தைச் சொல்லும், இது அந்தக் குணம் கையில் எப்படி வெளிப்படுகிறது என்பதைச் சொல்லும். என் பட்டியலில் முதலில் நின்ற ‘நேர்மை’க்கு அர்த்தம் தங்கையின் இரண்டு வரியைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டேன். முதல் திறமை: சாமானைக் கையால் தொட்டு அளவு சொல்வது. உதாரணம்: எண் தேய்ந்த பேரிங், ராத்திரி ஷிஃப்ட். இரண்டாவது: புதியவரை வெட்கப்பட வைக்காமல் சொல்லித் தருவது. மூன்றாவது: கணக்கு இடித்தால் ஆளைத் தேடாமல் வரியைத் தேடுவது. ஒவ்வொன்றுக்கும் உதாரணம் எழுதக் கட்டத்தில் இடம் போதவில்லை, பின்பக்கத்தில் தொடர்ந்தேன்.

படிவம் போன மறுநாள் தங்கை போன் செய்தாள். ‘அண்ணா, எனக்கும் மூன்று எழுதித் தருவாயா?’ என்றாள். அன்றைக்கே உட்கார்ந்தேன். அவளைப் பற்றி இரண்டு சம்பவங்கள் பேனாவை எடுத்ததும் வந்துவிட்டன. மூன்றாவதாக, அப்பா படுக்கையில் இருந்தபோது அவருக்குக் காது கேட்காது என்பதை மறந்துவிடாமல் எப்போதும் அவர் முகத்துக்கு நேராக வந்து நின்ற பிறகுதான் அவள் பேச ஆரம்பிப்பாள், அதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு அது ஞாபகம் இருக்காது.